தேருக்கு வழிவிட்ட வண்டி

எங்கள் வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு, "என்ன சார், இங்க ஷூட்டிங்கா?" என்று கேட்காதவர்கள் ஸ்ரீரங்கத்தில் இன்னும் பாக்கி இருந்தால், அவர்கள் சித்திரை வீதிப் பக்கமே வராதவர்களாக இருக்க வேண்டும். முதல் வருஷம் எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். இது நடிகர்கள் உட்காரும் கேரவன் இல்லை, வீட்டு வண்டி. உள்ளேயே சமைக்கலாம், படுக்கலாம், குளிக்கலாம். நானும் என் மனைவியும் இதில் பத்ரிநாத் போகப் போகிறோம் என்றேன். இரண்டாம் வருஷம் "ஆமாம், ஷூட்டிங்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இப்போது யாராவது வாயைத் திறப்பது தெரிந்தாலே வாளிப் பக்கம் திரும்பித் துணியைப் பிழிய ஆரம்பித்துவிடுகிறேன்.

நான் திருவெறும்பூர்ப் பக்கத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இன்ஸ்பெக்டராக இருந்தவன். மற்றவர்கள் வெல்டிங் செய்ததைப் பார்த்து, தட்டி, விளக்கடித்து, "இது சரியில்லை, அறுத்துவிட்டுத் திரும்பச் செய்" என்று சொல்வது என் வேலை. அங்கே அதற்கு அர்த்தம் இருந்தது. கொதிநீர்க் குழாயில் மயிரிழை விரிசலை விட்டுவிட்டால் எங்கேயோ ஓர் ஊரில் யாரோ வெந்து சாவார்கள். ஆனால் அந்தக் கண்ணை மாலையில் கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைத் திருப்பிப் பார்ப்பேன். "இன்ஸ்பெக்ஷன் ஆச்சா? சாதம் போடலாமா?" என்று என் மனைவி கேட்பாள். நாற்பது வருஷமாக அதே கேலி. எனக்கும் அது இல்லாமல் சாப்பாடு இறங்காது.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. பத்ரிக்குப் போய்ப் பெருமாளைச் சேவிக்க வேண்டும். தெற்கே உள்ள திவ்யதேசங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்துவிட்டாள். விடிவதற்கு முன் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு கிளம்பினால், இரவு வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிவிடலாம் என்கிற தூரத்தில் இருப்பவை அவை. வடக்கே போக முடியாததற்குக் காரணம் காசோ நேரமோ இல்லை. அவள் வெளியே சாப்பிட மாட்டாள். ஹோட்டலிலும் இல்லை, ரயிலிலும் இல்லை, சொந்தக்காரர் கல்யாணத்தில்கூட மோர் மட்டும்தான். தன் கையால், மடியாக, தன் அடுப்பில் தளிகை பண்ணிப் பெருமாளுக்குக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவாள். பத்ரிக்குப் போய்த் திரும்ப மூன்று வாரமாவது ஆகும். மூன்று வாரம் அவலும் வாழைப்பழமும் தின்று உயிரோடு இருக்க முடியுமா?

"அடுப்பையே கூட எடுத்துண்டு போனா என்ன?" என்று கேட்டேன். ரிட்டயர் ஆன மறு மாதம் அது. அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலைகளுக்கு நடுவே ஒரு மெக்கானிக் ஷெட். அந்த மெக்கானிக்தான் எனக்காக ஒரு பழைய பள்ளிக்கூட வேனைத் தேடிப் பிடித்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டார், எதற்கும் கோபப்பட மாட்டார். என்னோடு வேலை செய்ய அப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும். சீட்டுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒன்றரை வருஷம் இருவரும் உள்ளே கிடந்தோம். பின்பக்கம் கட்டில், நடுவில் எவர்சில்வர் மேடையும் இரண்டு பர்னர் அடுப்பும், ஓரத்தில் குளியலறை, கட்டிலுக்கு அடியில் நூற்றிருபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி. தொட்டியும் எவர்சில்வர்தான். பிளாஸ்டிக்கில் நின்ற தண்ணீரில் தளிகை பண்ண மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைத்தான் அதில் நிரப்ப வேண்டும் என்பதும் அவள் கட்டளை.

வண்டி வாசலுக்கு வந்த அன்று அவள் ஏறி ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். அடுப்பு மேடையைக் கையால் தடவினாள். அதன்பின் இரண்டு நிபந்தனைகள் போட்டாள். முதல் தளிகை யாத்திரை அன்றைக்குத்தான், அதுவரை யாரும் அடுப்பைப் பற்ற வைக்கக் கூடாது. இன்னொன்று, அவள் இந்த வண்டியில் உட்கார்ந்து போகும் முதல் பயணம் பத்ரிப் பயணமாகவே இருக்க வேண்டும். நடுவில் கடைக்கு, கல்யாணத்துக்கு என்று கூப்பிடக் கூடாது. நான் என் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டேன். படியில் சாக்கு விரித்திருக்கிறேன், கால் துடைக்காமல் யாரும் ஏறக் கூடாது. "பெருமாளே வந்தாலும் துடைச்சுண்டுதான் ஏறணுமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு உரிய நாள். காலையில் மேலே ஏறிப் புறா எச்சத்தைத் தண்ணீர் விட்டு ஊறவைத்துச் சுரண்டுவேன். கோபுரத்துப் புறாக்களுக்கு எங்கள் வண்டியின் கூரைமேல் என்ன அப்படி ஒரு பிரியமோ தெரியாது. பிறகு ஜன்னல் ரப்பர்களைத் துடைத்து, ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டால்கம் பவுடர் போடுவேன். பேட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளையை வெந்நீர் ஊற்றிக் கழுவி வாஸலின் தடவுவேன். கேஸ் குழாயின் மூட்டுகளில் சோப்பு நுரை வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். தொட்டியைத் திறந்துவிட்டுக் காயவைப்பேன். அலமாரிகளில் காய்ந்த வேப்பிலையை மாற்றுவேன். நான்கு டயருக்கும் காற்று பார்ப்பேன். ஸ்டார்ட் செய்து கால்மணி நேரம் ஓடவிட்டு, ஓர் அடி முன்னே, ஓர் அடி பின்னே நகர்த்தி நிறுத்துவேன். ஒரே இடத்தில் நின்றால் டயர் ஒரு பக்கமாக அமுங்கிவிடும். அவள் வாசற்படியில் நின்று, "பத்ரிக்கு ஓர் அடி பக்கமா வந்தாச்சு" என்பாள். பின்னே நகர்த்தும்போது, "போச்சு" என்பாள்.

முதல் வருஷம் எல்லாம் கூடி வந்தது. சித்திரையில் எங்கள் ஊர்த் தேர். அதைச் சேவிக்காமல் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ஊரை விட்டு நகர மாட்டார்கள். மலைமேல் பத்ரி கோயில் திறப்பதும் அந்தச் சமயத்தில்தான். தேர் முடிந்த நாலாம் நாள் கிளம்புவது என்று முடிவு செய்தோம். அவள் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம், வடாம் எல்லாம் டப்பாக்களில் அடைத்து அலமாரியில் அடுக்கிவிட்டாள்.

தேருக்கு முதல் நாள் சித்திரை வீதியில் ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது. போலீஸ்காரர் ஒருவர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் நின்று வண்டியை மேலும் கீழும் பார்த்தார். "சார், பெரிய தேர் வருது. உங்க தேரக் கொஞ்சம் எடுத்துடுங்க" என்றார். கொள்ளிடம் பாலம் தாண்டி மண்ணச்சநல்லூர் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு பஸ்ஸில் திரும்பினேன். அன்று இரவு கோடை மழை பெய்தது. ஒரு மணி நேரம்தான், ஆனால் வெளுத்து வாங்கிவிட்டது.

மறுநாள் தேர் நிலைக்கு வந்த பிறகு வண்டியை எடுக்கப் போனேன். முதலில் மேலெல்லாம் படிந்திருந்த தவிட்டைப் பார்த்து எரிச்சல்பட்டேன். பிறகு உள்ளே ஏறிக் கட்டில் பலகையைத் தொட்டேன். கூரையில் காற்றுப்போக்கிக்கு நேர் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

மெக்கானிக் ஏறிப் பார்த்தார். "ஒரு ஓரத்துல பசை விட்டிருக்கு சார். மேல தார்ப்பாய் போட்டுக் கட்டித் தரேன். போயிட்டு வாங்க. வந்து பொறுமையா பிரிச்சுப் பாத்துக்கலாம்" என்றார். வீட்டில் சொன்னபோது அவளும் அதையே சொன்னாள். "தார்ப்பாயைப் போட்டுண்டு போயிடலாம்னா. பெருமாள் பாத்துப்பார்."

"பெருமாள் கசிவு பார்க்க மாட்டார்" என்றேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கூரையைப் பிரித்தேன். ஒரு கசிவைத் தேடிப் போனால் இரண்டு துரு கிடைத்தது. துருவைச் சுரண்டினால் ஓட்டை. தகடு மாற்றி, பற்றவைத்து, பெயின்ட் அடித்து, பிளைவுட் மாற்றி, ஹோஸ்பைப்பால் மழை மாதிரி அடித்துச் சோதித்தேன். மூன்றாவது சோதனையில் இன்னொரு மூலையில் ஒரு சொட்டு. திரும்பப் பிரித்தேன். அதற்குள் ஆனி வந்துவிட்டது. ஒரு வாரம் மூடி வைத்த தொட்டியில் வாடை வந்தது; வினிகர், சோடா உப்பு என்று அதோடு ஒரு மாதம் போராடினேன். ஆடியிலும் ஆவணியிலும் மலைப்பாதையில் மண் சரிந்துகொண்டே இருந்தது. புரட்டாசியில் அவளுக்குச் சனிக்கிழமை விரதங்கள். பிறகு தீபாவளி வந்தது, அங்கே பனிக்காக நடை சாத்திவிட்டார்கள். அவள் அலமாரியிலிருந்த டப்பாக்களை வீட்டுக்கு எடுத்து வந்தாள். "அடுத்த சித்திரைக்குப் புதுசாப் பண்ணிண்டாப் போச்சு" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் வண்டியின் கை கழுவும் தொட்டி ஓரத்தில் அவளுடைய வெள்ளி மெட்டிகள் கிடந்தன. உள்ளே துடைக்க எனக்கு உதவியாக வந்தபோது கழற்றி வைத்திருக்கிறாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் மெட்டியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. எங்கள் வீடுகளில் அதைக் கழற்றுவது சாதாரண விஷயமும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளா இறுக்கறது. சோப்பு போட்டுத்தான் வந்தது" என்றாள்.

நான் என்ன செய்தேன்? சோப்புப் பிசுக்கோடு அதை எவர்சில்வர் மேல் வைக்காதே, கறை பிடிக்கும் என்றேன். அந்த இடத்தைத் துடைத்தேன். மெட்டியையும் துடைத்து அவள் கையில் கொடுத்தேன். வாரா வாரம் நாலு டயருக்கும் காற்று பார்த்தவன் நான். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும் அளவுக்கு வீங்கியிருந்த இரண்டு கால்களைக் குனிந்து பார்க்கவில்லை. அவளும் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரி, டெஸ்ட் என்று அடுத்த சித்திரையும் போய்விடும் என்று பயந்திருக்கிறாள். இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

பங்குனியில் ஒரு காலை, வண்டியின் மூன்று படியை ஏறி வந்தவள் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. இனி ஆயுசு பூராவும்.

"போன வருஷமே வந்திருந்தா?" என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நல்ல மனுஷர். மேஜைமேல் இருந்த பேப்பரைச் சரிசெய்துகொண்டே, "முன்னாடியே வந்திருந்தா மருந்துலயே கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம் சார். இப்ப அதப் பேசி என்ன பண்றது" என்றார்.

அப்போதும் நான் விடவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டேன். இங்கிருந்து வடக்கே போகும் சாலையில் எந்தெந்த ஊரில் டயாலிசிஸ் செய்யும் ஆஸ்பத்திரி இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு நாளில் வண்டி போய்ச் சேருமா என்று மேப்பில் கோடு போட்டு டாக்டரிடம் காட்டினேன். மலை அடிவாரம் வரைக்கும் கோடு ஒழுங்காகத்தான் போயிற்று. அவர் முழுவதையும் படித்தார். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"மேல ஏறினா மூச்சே தாங்காது சார். வழியில ஒரு நாள் ரோடு அடைச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க? இவங்களக் கூட்டிட்டு அங்க போறது நடக்காத காரியம். மனசுல வச்சுக்காதீங்க."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் திரும்பினோம். காவிரிப் பாலத்தில் ஏறியதும், "தண்ணி வந்திருக்கு பாருங்கோ" என்றாள், அவ்வளவுதான்.

தண்ணீர்தான் இப்போது அவளுக்குப் பெரிய பாடு. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து முக்கால் லிட்டர். காபி, மோர், மாத்திரை விழுங்குவது, ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாள். வெயில் காலத்தில் மத்தியானத்துக்குள் கோடு வந்துவிடும். பிறகு சாயங்காலம் வரை நாக்கை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் வாசலில் ஞாயிற்றுக்கிழமை நூற்றிருபது லிட்டர் தொட்டியைக் கழுவி வாய்க்காலில் விடுவேன். தண்ணீர் ஓடும் சத்தம் அவளுக்குக் கேட்கும் என்று தெரியும். இருந்தும் கழுவினேன். கழுவாமல் விட்டால் பாசி பிடிக்கும்.

"வித்துடுங்க சார்" என்று மெக்கானிக் ஒரு தடவை சொன்னார். "ஓடாத வண்டிக்கு இவ்ளோ பாத்தா உங்க உடம்புதான் கெடும்." அவர் சொன்னது நியாயம். ஆனால் வாங்க வருகிறவன் அடுப்பைப் பற்றவைத்துப் பார்ப்பானே. அதை எப்படி நான் நின்று பார்ப்பது? மாட்டேன் என்று சொல்லி, அடுத்த சர்வீஸுக்கு நாள் குறித்துவிட்டு வந்தேன்.

ஆக, வண்டிக்கு வருஷத்தில் ஒரே ஒரு பயணம்தான். சித்திரைத் தேருக்கு முதல் நாள் மண்ணச்சநல்லூர், தேர் முடிந்ததும் திரும்ப வாசல். பெரிய தேரும் அப்படித்தான். வருஷம் முழுக்கத் தகரத்துக்குள் நிற்கிறது, துடைக்கிறார்கள், சக்கரம் பார்க்கிறார்கள், ஒருநாள் நாலு வீதி சுற்றிவிட்டுத் திரும்ப நிலைக்கு வந்துவிடுகிறது. இந்த ஒப்பிடலில் எனக்கு முதலில் ஓர் அற்பத் திருப்தி இருந்தது. ஆனால் அந்தத் தேர் ஒருவரை ஏற்றிக்கொண்டு போகிறது. என் வண்டி என்னைத் தவிர யாரையும் ஏற்றிப் போனதில்லை.

இந்த வருஷத் தேர் வெள்ளிக்கிழமை வந்தது. முதல் நாள் டயாலிசிஸ் முடிந்த அசதி இருந்தும் அவள் விடியலிலேயே எழுந்து வாசலில் தேர்க்கோலம் போட்டாள். தேர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது வலது கையை மட்டும் தலைக்குமேல் தூக்கிச் சேவித்தாள். இடது கையில் டயாலிசிஸ் ஊசிக்காக நரம்பை இணைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் யாரும் அதில் இடித்துவிடாமல் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். தேர் நிலைக்குப் போனதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"நானும் வரேன்" என்றாள்.

எங்கே என்றேன்.

"வண்டியை எடுக்க."

கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். ஆட்டோ பிடித்து மண்ணச்சநல்லூர் போனோம். வழி முழுக்க என் மூளை ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தது. முதல் பயணம் பத்ரிக்குத்தான் என்று சொன்னவள் இவள். மூன்று சித்திரையாக அந்த வார்த்தையை அவள் மீறவில்லை. ஷெட்டில் மெக்கானிக் அவளைப் பார்த்ததும், "வாங்கம்மா, வாங்க" என்று ஓடி வந்து முன்பக்கக் கதவைத் திறந்துவிட்டார். தவிடு படிந்த கண்ணாடியைத் தன் தோள் துண்டாலேயே துடைத்தார். அவள் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை நான் போட்டுவிட்டேன், இடது கையில் படாமல்.

கொள்ளிடத்துக்கு வந்ததும், "ஆத்தங்கரையில கொஞ்சம் நிறுத்துங்கோ" என்றாள். பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கி, மரத்தடியில் நிறுத்தினேன். ஆறு முழுக்க மணல். நடுவில் திட்டுத் திட்டாகத் தண்ணீர். அவள் மெல்ல இறங்கிப் போய்க் கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். குடிக்க முடியாவிட்டாலும் நிற்கலாமே. நான் படியில் சாக்கைச் சரியாக விரித்து வைத்தேன்.

அவள் திரும்பி வந்து சாக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கால் துடைக்காமல் ஏறினாள். படியிலிருந்து அடுப்புமேடை வரை ஈர மணலில் அவள் அடிகள் பதிந்தன. நான் அவற்றை மிதிக்காமல் ஓரமாக ஏறினேன்.

பையிலிருந்து ஒரு சின்ன வெண்கல உருளி, அரிசி, கொஞ்சம் பயத்தம்பருப்பு, ஒரு பொட்டலம் சர்க்கரை, நெய் எடுத்தாள். "தொட்டியில நம்மாத்துத் தீர்த்தம்தானே?" என்றாள். ஆமாம் என்றேன், நேற்று வாசலிலிருந்து வண்டியை எடுப்பதற்கு முன் நிரப்பியிருந்தேன், பாரம் இல்லாமல் ஓட்டினால் வண்டி குதிக்கும். தீப்பெட்டியை எடுத்தாள். எல்லாம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் பத்ரியை விட்டுவிட்டாள். டாக்டர் சொன்ன அன்றைக்குக்கூட விடாதவள், இன்றைக்கு விட்டுவிட்டாள். வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் பார்ப்போம் என்று சொல்ல நினைத்தேன். எதை வைத்துச் சொல்வது? அடுப்பு முதல் குச்சியிலேயே நீலமாகப் பிடித்துக்கொண்டது. மூன்று வருஷம் சோப்பு நுரை வைத்துப் பார்த்த குழாயாயிற்றே.

பொங்கல் இறக்கியதும், "வடக்கு எந்தப் பக்கம்?" என்றாள்.

காட்டினேன். அந்தப் பக்க ஜன்னலைத் திறந்தாள். நான் நாலு தடவை பிரித்துப் பசை போட்ட ஜன்னல். வெளியே டோல்கேட்டுக்குப் போகும் லாரிகள், ஒரு டீக்கடை, அதற்கு மேல் வெயில். உருளியை இரண்டு கையாலும் ஏந்தி அந்த ஜன்னலுக்கு நேராகக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு எனக்கு ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிட்டு, தான் இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். குழாயைத் திறந்து அரை டம்ளர் பிடித்து, "இன்னிக்குப் பங்குல இவ்வளவு இருக்கு" என்று சொல்லிக் குடித்தாள். நிதானமாக, வாயில் நிறுத்தி நிறுத்திக் குடித்தாள்.

"நன்னாத்தான் பண்ணியிருக்கேள்" என்றாள், சுற்றிலும் பார்த்துவிட்டு.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "அன்னிக்குத் தார்ப்பாயைப் போட்டுண்டு கிளம்பியிருக்கலாம்" என்றேன்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, நம் கையில் என்ன இருக்கிறது, எல்லாம் அவன் செயல் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் எதற்கும் அப்படிச் சொல்கிறவள்தான்.

"கிளம்பியிருக்கலாம்தான்" என்றாள்.

பாத்திரத்தை அவளே கழுவிக் கவிழ்த்தாள். பாலத்தில் ஏறி, வீதிக்குள் நுழைந்தோம். தேர் போன தடத்தில் பூவும் தேங்காய் மூடியும் நசுங்கிக் கிடந்தன. வாசலில் பழைய இடத்திலேயே வண்டியை நிறுத்தினேன். இன்ஜினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தரையில் மணல் காய்ந்து, அவள் அடிகள் இன்னும் தெரிந்தன. இன்றைக்காவது அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதே நேரத்தில், மணல் நகர்ந்து கதவு ஓடும் பள்ளத்துக்குள் போய்விட்டால் கதவு கீறிக்கொள்ளுமே என்றும் நினைத்தேன். இரண்டையும் ஒரே மனதில்தான் நினைத்தேன்.

அவள் அதற்குள் எழுந்து பின்னால் போய்விட்டாள். அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சின்னத் துடைப்பத்தை எடுத்து, வலது கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு, ஊசி போடும் இடது கையாலேயே குனிந்து கூட்டினாள். அடுப்புமேடையிலிருந்து படி வரைக்கும், ஓர் அடியும் விடாமல் கூட்டினாள்.

"விடு, நான் பண்ணிக்கறேன்" என்றேன்.

"வேண்டாம். இது கிடந்தா உங்களுக்குத் தூக்கம் வராது" என்றாள்.

இருக்கட்டும், கூட்டாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் முறத்தில் அள்ளிய மணலைத் தெருவில் கொட்டிவிட்டு வந்தாள். மூலையில் கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. நான் ஈரத்துணியை எடுத்து அதையும் துடைத்தேன்.